மூன்றாம் வகுப்பில் வந்திருக்க வேண்டிய உதவி

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் மாநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் இல்லை. டெல்டாவில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாகச் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். எனக்குச் சம்பளம் தருவது சமூக நலத் துறை. ஆனால் என் பகல்பொழுது முழுவதும் உங்கள் பள்ளி வளாகத்தில்தான் கழிகிறது. சமையற்கூடத்து ஜன்னலுக்கும் மூன்றாம் வகுப்பு அறைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் நிற்கிறது. பிள்ளைகள் வாசிக்கும் சத்தம் அப்படியே கேட்கும். யாருடைய குரல் வரவில்லை என்பதும் தெரியும்.

என் மகனின் குரல் வரவில்லை. அவன் அதே பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தான். மூன்றாம் வகுப்பு படித்தது 2018-19இல். இந்தக் கல்வியாண்டில் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று அரசாங்கச் சான்று கைக்கு வந்ததும் இந்தக் கல்வியாண்டில்தான். எட்டு வயதிலேயே கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பதினைந்தாவது வயதில் காகிதம் கிடைத்திருக்கிறது. நடுவில் போன ஏழு ஆண்டுகளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் மகனுக்கு அவை திரும்பி வரப்போவதில்லை. இப்போது வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சமையற்கூடத்துச் சுவரில், வாரத்தில் எந்த நாளுக்கு என்ன உணவு என்று எழுதிய பலகை உண்டு. என் மகன் அதைத் திங்கள் முதல் வெள்ளி வரை தடங்கலே இல்லாமல் சொல்வான். பார்க்கிறவர்கள் வாசிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். பலகை முழுவதையும் காதால் படித்து வைத்திருந்தான். போன வாரம் எத்தனை கிலோ பருப்பு வந்து இறங்கியது, எத்தனை முட்டை உடைந்திருந்தது என்று கேட்டால் பதிவேட்டைப் பார்க்காமலே சரியாகச் சொல்லும் பிள்ளை. இவ்வளவு நினைவாற்றல் உள்ளவனுக்கு எழுத்து வராது என்று யார் நம்புவார்கள்? வகுப்பாசிரியருக்கு அவன் சோம்பேறியாகத் தெரிந்தான். என் மாமியாருக்குப் பிடிவாதக்காரனாகத் தெரிந்தான். நானும் அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்குப் புதன்கிழமைகளில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் வருவார். ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் உதவி செய்யும் வட்டார வள மையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வரும் வழியில், மூளை முடக்குவாதத்தால் பள்ளிக்கு வர முடியாத ஒரு பெண் குழந்தையின் வீட்டுக்குப் போய், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பதினொரு மணிவாக்கில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்வார்.

அவர் என் மகனின் நோட்டைப் புரட்டிப் பார்த்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ‘தேர்’ என்று எழுதச் சொன்னார். அவன் முதலில் த எழுதினான். பிறகு இரட்டைக்கொம்பை அதற்கு வலது பக்கத்தில் போட்டான். அப்புறம் ர் எழுதி முடித்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, இவன் காதில் விழுகிறபடி எழுதுகிறான். சத்தத்தில் த் முதலில் வருகிறது, ஏ அதற்குப் பின்னால் வருகிறது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் போய் நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் நாலு நாளில் பழகிக்கொள்கிறார்கள். இவனுக்கு அது தானாகப் பழகாது, பழக்க வேண்டும். கொ, கோ எழுதச் சொல்லிப் பாருங்கள், இன்னும் திணறுவான். அங்கே குறி இரண்டு பக்கமும் நிற்கிறது.”

என் மகன் ஏன் படிக்கவில்லை என்பதற்கு ஒருவர் காரணம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாரும் அவனுடைய குணத்தைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள்.

மறு வாரம் என்னிடம் ஒரு முறம் கேட்டார். நான் வீட்டிலிருந்து குருணை கொண்டுவந்து முறத்தில் பரப்பிக் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் அவனை உட்காரவைத்து, குருணையில் விரலால் எழுதச் சொன்னார். கொம்பை இழுக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. கொம்பு முடிந்து த எழுதத் தொடங்கும்போதுதான் ‘தே’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கை முந்திக்கொள்ளும், வாய் காத்திருக்கும். இவ்வளவுதான் வித்தை. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினார்களே, ஏறக்குறைய அதேதான். தே, மே, வே என்று ஒரு புதன், தை, மை, லை என்று ஒரு புதன். மற்ற நாட்களில் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் நான் பத்து நிமிடம் எழுதவைப்பேன். இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் பலகையில் ‘கறிவேப்பிலை சாதம்’ என்று இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு, வே என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, முழுவதும் வாசித்தான். கையில் இருந்த கரண்டியோடு நான் வெளியே ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பயிற்றுநர் நிரந்தர ஊழியர் இல்லை. தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர். அவர் பொறுப்பில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. கொஞ்ச நாளில் இன்னும் சில பள்ளிகளைச் சேர்த்தார்கள். வாரம் ஒரு முறை என்றிருந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று. அடுத்த ஆண்டு கார்த்திகையில், நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் இடத்துக்கு ஒருவர் வருவார் என்று காத்திருந்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடும்வரை யாரும் வரவில்லை. முறத்தை நான் மட்டும் எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? அடுத்து எந்த எழுத்து, எப்படி என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

போவதற்கு முன் அவர் செய்த இன்னொரு காரியம், வட்டார வள மையத்தில் நடந்த மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு எங்களை அனுப்பியது. காலை எட்டு மணிக்கே வராந்தா நிறைந்துவிட்டது. இடுப்பில் பிள்ளையைச் சுமந்த தாய்மார்கள், மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள், காது கேட்காத பேரனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. எலும்பு மருத்துவரும் கண் மருத்துவரும் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் இருந்தார்கள். என் மகனைப் பார்க்க வேண்டிய மனநல மருத்துவர் அன்றைக்கு வரவில்லை. இருந்த ஒரு மருத்துவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்காக அழைத்து வந்தீர்கள்?” என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அந்த முகாமே பார்த்தால் தெரிகிற குறைக்காகத்தான் நடக்கிறது. அடுத்த முகாமில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அடுத்த முகாம் எங்களுக்கு வரவே இல்லை.

இவ்வளவும் நடந்தபோது சட்டம் இல்லாமல் இல்லை. இந்தச் சில ஆண்டுகளில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தபோது அது இருபத்தொன்றாயிற்று. கற்றல் குறைபாடு அதில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக இருந்தது: மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், எது முன்னால் வருகிறதோ அப்போது பள்ளியிலேயே முதல்கட்டப் பரிசோதனை நடக்க வேண்டும், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் தலைமையாசிரியரின் தலைமையில் அதற்கு ஒரு குழு இருக்க வேண்டும், எட்டு வயதில் சான்று தந்து, பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி பார்க்க வேண்டும்.

2018 ஜனவரி. என் மகன் அந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனான். அவனுக்காகவே எழுதியதுபோல இருந்தது அந்த வழிகாட்டுதல். அப்படி ஒன்று இருக்கிறது என்பது எங்கள் பள்ளியில் யாருக்கும் தெரியாது. தலைமையாசிரியரைச் சொல்லிப் பயனில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளி அது. அந்த வழிகாட்டுதலைப் பள்ளி வரை கொண்டுவந்து, இதைச் செய்யுங்கள், செய்ததை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

17ஆம் பிரிவு எங்களைத் தேடி வந்தது, பத்தாம் வகுப்பில். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்னை வரவழைத்து, சான்று கொண்டுவந்தால் பொதுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுதுபவர் கிடைப்பார், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். மூன்று முறை மருத்துவமனைக்கு அலைந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விடுப்பு, அவனுக்கு ஒரு நாள் வகுப்பு இழப்பு. முதல் நாள், தமிழ்வழியில் படித்த என் மகன் கையில் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தமிழில் எதையாவது கொடுத்துப் பாருங்களேன் என்று நான் கெஞ்சிய பிறகு, மேசையில் கிடந்த ஒரு செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தார்கள். கொம்பையும் காலையும் வைத்துத் தடுமாறும் பிள்ளையை எடைபோட ஒரு பழைய செய்தித்தாள்தானா கருவி? தமிழில் முறையாகத் தரப்படுத்திய சோதனைத்தாள் ஒவ்வொரு மாவட்டத்திலும் மேசைமேல் தயாராக இருக்க வேண்டாமா?

சான்று வந்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அன்று இரவு, சொல்வதை எழுதுபவராக நான் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். சமூக அறிவியலில் முதல் பாடம், முதல் உலகப் போர். அதைப் பற்றி அவன் தன் சினேகிதனிடம் கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். பேனாவோடு நான் உட்கார்ந்ததும் அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு வாக்கியம் சொல்வான்; நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவான்; எங்கே விட்டோம் என்று கேட்டால், எழுதியதை வாசித்துப் பார்க்க அவனால் முடியாது. தலைப்பு எங்கே போட வேண்டும், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எத்தனை குறிப்பு சொல்ல வேண்டும், எழுதுகிறவர் தப்பாக எழுதினால் எப்படித் திருத்தச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து, “அம்மா, நானே எழுதிவிடுகிறேன், பாஸ் ஆகாவிட்டால் பரவாயில்லை” என்றான்.

வாயால் சொல்லி இன்னொருவர் கையால் எழுதவைப்பது தனியான ஒரு பழக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மேடையில் பேசுகிறவர்கூட நாலு மேடை ஏறித்தான் பழகுகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பருவத் தேர்விலும் இவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்திருந்தால், பத்தாம் வகுப்பில் யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் பதறாமல் சொல்லியிருப்பான். வாழ்க்கையிலேயே பெரிய தேர்வு என்று ஊரே பயமுறுத்துகிற அந்த ஒரு நாளில், முன்பின் தெரியாத ஒருவரை முதன்முதலாகப் பக்கத்தில் உட்காரவைத்து, இதோ உன் சலுகை என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மொழிப்பாட விலக்கும் அப்படித்தான். தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும், அதை எடுத்துவிடாதீர்கள். ஆனால் பத்தாண்டுகள் பள்ளியில் இருந்த பிள்ளைக்குத் தன் தாய்மொழியில் ஒரு பக்கம் வாசிக்கக் கற்றுத்தராமல் விட்டுவிட்டுக் கடைசியில் தரும் விலக்கை உதவி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் மையத்தில் இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு இன்றைக்கே மேலே போகிறது. ஒரு பிள்ளைக்கு முட்டை விடுபட்டது என்று புகார் போனால் ஒன்றியத்திலிருந்து மறுநாளே ஆள் வந்து பதிவேட்டைக் கேட்பார்கள். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் எங்கோ கடைசியில் இருக்கிற கிராமத்துப் பிள்ளைக்கும் முட்டை போய்ச் சேர்கிறது. ஏழு ஆண்டுகளாக என் மகனுக்கு வாசிப்பு விடுபட்டது. அதற்கு எந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு ஒருவர்கூட வரவில்லை.

உங்களிடம் தகவல் இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினீர்கள். கற்ற அளவைப் பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியர்கள் செயலியில் பதிகிறார்கள். நல்ல திட்டம் அது. பாட்டும் அட்டையும் பொம்மையுமாகப் பிள்ளைகள் கற்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அரும்பிலிருந்து மொட்டுக்கு எத்தனையோ பிள்ளைகள் போனதையும் பார்த்தேன். ஆனால் வகுப்புக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் அரும்பிலேயே நிற்கிறார்கள். ஓர் ஆண்டு நின்றால் கொரோனா, வீட்டுச் சூழல், அடிக்கடி விடுப்பு என்று காரணம் சொல்லலாம். தவறாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளை மூன்றாவது ஆண்டும் அங்கேயே நிற்கிறதென்றால், அந்தப் பெயரை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஆறாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகளில் வாசிக்கத் திணறுகிறவர்களுக்காக 2025இல் ‘திறன்’ என்ற திட்டத்தையும் கொண்டுவந்தீர்கள். அதுவும் தேவைதான். ஆனால் சொல்லிக்கொடுக்காததால் வாசிக்காத பிள்ளையும், வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் மட்டுமே வாசிக்கக்கூடிய பிள்ளையும் ஒன்றல்ல. முதல் பிள்ளைக்கு அதே பாடத்தை இன்னொரு முறை நடத்தினால் வந்துவிடும். இரண்டாவது பிள்ளைக்கு அதே முறையில் நூறு முறை நடத்தினாலும் வராது. அதற்கு மேலும் வெட்கம்தான் கூடும்.

நான் கேட்பதைச் சொல்கிறேன். அந்தச் செயலியில் தொடர்ந்து அரும்பிலேயே இருக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வட்டார வள மையத்துக்கு அனுப்புங்கள். புதிதாக ஒரு கணக்கெடுப்பு வேண்டாம், ஆசிரியர்கள் தலையில் இன்னொரு படிவம் வேண்டாம். இருக்கிற பதிவே போதும். அந்தப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு சிறப்புப் பயிற்றுநரும் உளவியல் அறிந்த ஒருவரும் பள்ளிக்கே வந்து, தமிழில் பார்க்கட்டும். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எத்தனையோ பிள்ளைகள் கரும்பலகை தெரியாமல்தான் மக்கு என்று பெயர் வாங்குகிறார்கள். பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால், சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல் மறுவாரமே வேறு விதக் கற்பித்தல் தொடங்க வேண்டும். முறமும் குருணையும் வாங்க மருத்துவர் கையெழுத்து எதற்கு? சான்று தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது வட்டாரத்திலேயே கிடைக்கட்டும். கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாத் தேர்வுகளுக்கும் இருக்கட்டும். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவர் எழுதித் தந்தால் போதும், அதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுடைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சிலும், மாநிலங்கள் எத்தனை பணியிடங்கள் தேவை என்று கணக்கிட்டு அறிவிக்க வேண்டும் என்று மறுபடி உத்தரவிட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவரை நாளைக்கே போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு குறுவள மையம் இருக்கிறது. முதலில் அங்கே ஒருவரை நிரந்தரமாகப் போடுங்கள். ஒரு பிள்ளையை வாரத்தில் மூன்று நாளாவது அவர் பார்க்க முடிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போனால், போன தடவை கற்றது மறந்து, அதைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதற்குள் அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நான் கண்ணால் பார்த்தது இது.

நிதி இல்லை என்று சொல்வீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு அரசு சொன்னதைச் செய்தித்தாளில் படித்தேன். அந்தச் சண்டையில் நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் டெல்லியிலிருந்து பணம் வந்தால் வேலை, வராவிட்டால் கேள்விக்குறி என்ற நிலையில் சிறப்புப் பயிற்றுநர்களை எத்தனை காலம் வைத்திருப்பது? மாற்றுத்திறன் குழந்தைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டம் இந்த நாட்டில் 1974இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். மதிய உணவைத் திட்டக்குழு கேள்வி கேட்ட காலத்திலும் தமிழ்நாடு தன் பணத்தில் சோறு போட்டது என்று எங்கள் பயிற்சி வகுப்புகளில் பெருமையோடு சொல்வார்கள். அந்தச் சோற்றை வடிக்கும் பெண்ணாகக் கேட்கிறேன். இதையும் நம் மாநிலத்தின் சொந்தச் செலவாக எடுத்துக்கொள்ள முடியாதா?

இன்னொரு பேச்சும் உண்டு. சின்ன வயதிலேயே குறைபாடு என்று சொன்னால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும், பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். பெற்றோர் தயங்குவது உண்மை. என் கணவரே ஒரு வருடம் ஒப்புக்கொள்ளவில்லை; பெண் கொடுக்க மாட்டார்கள் என்று எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசினார். ஆனால் முத்திரை விழாமல் யாரும் காப்பாற்றிவிடவில்லை. மக்கு, சோம்பேறி, மாடு மேய்க்கப் போ என்று அவன்மேல் விழுந்த முத்திரைகளை நான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். சான்று வந்த அன்று அவன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்படியென்றால் நான் மக்கு இல்லையா அம்மா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவன் எட்டு வயதில் கேட்டிருக்க வேண்டும்.

அறிவு இல்லாத ஊரும் அல்ல நம் ஊர். சென்னையில் டிஸ்லெக்சியாவுக்காகவே ஒரு சங்கம் 1991இலிருந்து நடக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இலிருந்து கிராமத்து மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்கிறது. குறைபாட்டைச் சிறுவயதிலேயே கண்டறிந்து, வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் தெரிந்தது எங்கள் ஒன்றியத்துக்கு வந்து சேர ஒரு சம்பளமும் ஒரு பஸ் பாஸும்தான் குறைகிறது.

இந்த மடலை எழுதி முடிக்கும் இன்றும் பள்ளி நாள்தான். நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நன்றாகப் பாடுவாள், பல்லாங்குழியில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. மூன்றாவது ஆண்டாக அரும்பில் இருக்கிறாள். போன வாரம் தட்டோடு வரிசையில் நின்றபோது பலகையைப் பார்த்து ஐந்து நாள் உணவையும் கடகடவென்று சொன்னாள். நான் கரண்டியை வைத்துவிட்டு வந்து ‘வே’ என்ற எழுத்தைத் தொட்டு, இது என்ன கண்ணு என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

முறத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தே, மே, வே வரை சொல்லிக்கொடுப்பேன். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரை, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் எங்கள் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். பஸ் ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளர்,
பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்